உங்கள் டேட்டாபேஸுக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

திருநெல்வேலி டவுனிலோ தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு கடைக்கு சர்வர் பார்க்கப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி, பில்லும் கணக்கும் சேர்ந்துகிடக்கும் இந்த டேட்டாபேஸுக்கு வெளியிலிருந்து யாரெல்லாம் வருகிறார்கள் என்பது. "நம்ம பிராஞ்ச்காரங்கதான் தம்பி, வேற யாரு வரப்போறா?" என்பார்கள் அண்ணாச்சிகள். பத்து கடையில் எட்டுக் கடையில் இதுதான் பதில், ஆனால் யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை.

இது எப்படி ஆரம்பிக்கிறது என்றால், அம்பையில் ஒரு கிளை திறப்பார்கள், அங்கே போடுகிற பில் இங்கே உடனே தெரிய வேண்டும் என்பார்கள், சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்க வந்த பையன் ரவுட்டரில் 1433 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வாசலைத் திறந்து, அங்கே வருவதையெல்லாம் சர்வருக்கு ஃபார்வர்டு பண்ணிவிட்டு, ஒரு பில் போட்டுப் பார்த்து, சரி அண்ணாச்சி வேலை முடிஞ்சுது என்று கிளம்பிவிடுவார். வேலை செய்கிறதுதான். அம்பைக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே செய்கிறது. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போவதுபோல. டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்களில் எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432 என்று எல்லாருக்கும் தெரிந்த எண்கள், இவற்றை இணையம் முழுக்கத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இராப்பகலாக ஓடும் நிரல்கள் இருக்கின்றன. "நம்ம கடையை யாரு தேடி வரப்போறா" என்ற சமாதானம் இங்கே எடுபடாது, அவை யாரையும் பேர் சொல்லித் தேடுவதில்லை.

ஒரு ஜவுளிக்கடையில் சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த சேலைப் படங்களை எல்லாம் அழித்துப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் இடம் வரவில்லை. பில் வேறு மெதுவாகப் போகிறது, ராம் வாங்கிப் போடலாமா என்று யோசனை. எஸ்க்யூஎல் சர்வர் நடப்பதை எழுதிவைக்கும் எர்ரர் லாக்கைத் திறந்தால் கோப்பு லேசில் திறக்க மறுக்கிறது, அவ்வளவு பெரிசு. உள்ளே ஒரே மாதிரி வரிதான் திரும்பத் திரும்ப: எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' என்ற பயனருக்கும், இன்னும் என்னென்னவோ பெயர்களுக்கும் லாகின் தோல்வி, எர்ரர் 18456, பக்கத்தில் எங்கேயோ ஒரு நாட்டு ஐபி, அதாவது இணைய முகவரி. சில இடத்தில் ஸ்டேட் 5, சில இடத்தில் ஸ்டேட் 8. ஐந்து என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை, எட்டு என்றால் பயனர் இருக்கிறார், பாஸ்வேர்டுதான் தப்பு. எட்டு வரிசையாக வந்தால் பாதி தூரம் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. எஸ்க்யூஎல் சர்வர் சும்மா நிறுவினால் தோற்ற லாகினை மட்டும்தான் எழுதிவைக்கும். ஆயிரம் தடவை தட்டி ஆயிரத்தோராவது தடவை ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டால் லாக்கில் சத்தம் நின்றுபோகும், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். சர்வர் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தில் தோல்வி, வெற்றி இரண்டையும் பதியச் சொல்லி மாற்றி, சர்வீஸை ஒருமுறை நிறுத்தி ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் லாக் கனெக்‌ஷன்ஸ் என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் நாம்தான் போட்டுவிட வேண்டும்.

இந்த நிமிடம் யார் உள்ளே என்று பார்க்க மைஎஸ்க்யூஎல்லில் ஷோ பிராசஸ்லிஸ்ட், போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி. எஸ்க்யூஎல் சர்வரில் எஸ்பி ஹூ டூ என்ற கட்டளையை அடித்துவிட்டு, ஹோஸ்ட் பெயர், அதாவது வந்திருக்கும் கம்ப்யூட்டரின் பெயர், நம்ம கடைப் பெயராக இருக்கிறதே என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயரை அனுப்புவது எதிர்முனைதான், அவன் என்ன பெயர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டிஎம் எக்ஸெக் கனெக்‌ஷன்ஸில் இருக்கும் கிளையண்ட் முகவரியைப் பாருங்கள், அதை அப்படிச் சுலபமாக மாற்ற முடியாது.

அடைப்பது எப்படி? வருகிறவர்களை வடிகட்டும் ஃபயர்வாலில் கிளையின் ஐபியை மட்டும் விடலாம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம்ம ஊர்ச் சின்னக் கிளைகளில் இருக்கும் சாதா பிராட்பேண்டில் ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடும். காலையில் பில் போகவில்லை என்று போன் வரும், அலுத்துப்போய் யாராவது ஒருநாள் எல்லாருக்குமாகத் திறந்துவிடுவார்கள். அதனால் நான் வயர்கார்டு விபிஎன் போட்டுவிடுகிறேன், கிளைக்கும் கடைக்கும் நடுவில் இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட ஒரு தனிப்பாதை. காசில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், சரியான சாவி இல்லாமல் தட்டினால் பதிலே சொல்லாது என்பதால் தேடி வருகிறவனுக்கு அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. அது ஓட ஆரம்பித்ததும் ரவுட்டரில் 1433 ஃபார்வர்டிங்கை அழித்துவிடுங்கள், வேறு எண்ணுக்கு மாற்றி வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. அப்புறம் எஸ்ஏ கணக்கை முடக்கிவிட்டு கிளைக்கு என்று தனிக் கணக்கு, பில் போடத் தேவையான உரிமை மட்டும். மைஎஸ்க்யூஎல்லில் பயனர் பெயருக்குப் பின்னால் வெறும் சதவீதக் குறி நின்றால் எங்கிருந்தும் வரலாம் என்று அர்த்தம். அங்கே உங்கள் விபிஎன் முகவரி வரட்டும்.

எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 151 இணைப்பு விடும், போஸ்ட்கிரெஸ் 100. 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' வந்தவுடன் அதை ஆயிரமாக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஐந்து பில்லிங் கவுண்டர் இருக்கிற கடைக்கு எதற்கு 151? சாஃப்ட்வேர் திறந்த இணைப்பை மூடாமல் விட்டிருக்கும், மைஎஸ்க்யூஎல்லும் சும்மா கிடக்கும் இணைப்பை 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், பொறுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் குறையுங்கள். பயனருக்கு இத்தனை இணைப்புதான் என்று ஒரு வரம்பு போடுங்கள், மீறினால் உங்களுக்குத் தகவல் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ உள்ளே வந்துவிட்டது உறுதி என்றால் பதற்றத்தில் ஃபார்மட் போடாதீர்கள், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு லாக்கை வேறு டிஸ்கில் எடுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

"போர்ட்டை அடைச்சா நாங்க எப்படி சப்போர்ட் குடுக்கது?" என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் ஒரு வயர்கார்டு சாவி கொடுங்கள், ஆளுக்கு ஒன்று. கூப்பிடும்போது இயக்கி, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம். அந்தப் பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே அவர் சாவியை எடுத்துவிடுங்கள்.