ரிப்பரேட்டிவ் தெரபி: பழுதுபார்ப்பதா, ஈடுகட்டுவதா?

தன்பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ஒரு சிகிச்சையின் பெயரை ஆங்கிலச் செய்தியில் ‘ரிப்பரேட்டிவ் தெரபி’ என்று கண்டால், ‘சீரமைப்புச் சிகிச்சை’ என்றோ ‘பழுதுநீக்கும் சிகிச்சை’ என்றோ தமிழில் எழுதிவிடுகிறோம். ரிப்பேர் என்ற சொல் சைக்கிள் கடைவரை வந்துவிட்டதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்த ஜோசப் நிக்கோலோசி அந்தப் பொருளில் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வேர், ‘ரெபராரே’ என்ற இலத்தீன் வினை. மீண்டும் ஆயத்தமாக்குதல் என்று பொருள். அதிலிருந்து இரண்டு கிளைகள். ஒன்று ரிப்பேர், உடைந்ததைச் சரிசெய்வது. மற்றது ரிப்பரேஷன், இழந்ததற்கு ஈடு தருவது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் தலையில் சுமத்தப்பட்ட போர் இழப்பீட்டுக்கு இந்தப் பெயர்தான். உளப்பகுப்பாய்வில் மெலனி கிளைன் பிடித்துக்கொண்டதும் இரண்டாவது கிளையை: ஆத்திரத்தில் தாயைச் சிதைத்துவிட்டதாக எண்ணும் குழந்தைமனம் அதற்கு ஈடுசெய்யத் தவிப்பது.

1983இல் இங்கிலாந்தின் எலிசபெத் மோபர்லி கிறித்தவ நோக்கில் எழுதிய நூலொன்றில் இந்தச் சொல்லைத் தன்பாலீர்ப்போடு முடிச்சுப்போட்டார். தந்தையிடம் கிடைக்காத அன்பை மகன் மற்ற ஆண்களிடம் தேடி ஈடுகட்டப் பார்க்கிறான், அந்த உந்துதலே ‘ரிப்பரேட்டிவ்’ என்பது அவர் வாதம். அதாவது, ஈடுகட்டுவது சிகிச்சை அல்ல, ஈர்ப்பு. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு தொழிலாக்கியவர் ஜோசப் நிக்கோலோசி.

1947இல் பிறந்த அமெரிக்க மருத்துவ உளவியலாளர் இவர். லாஸ் ஏஞ்சலிஸின் என்சினோ பகுதியில் கத்தோலிக்கப் புனிதர் தாமஸ் அக்வினாஸ் பெயரில் உளவியல் நிலையம் நடத்தினார். 1991இல் வந்த தம் நூலின் தலைப்பிலேயே ‘ரிப்பரேட்டிவ் தெரபி’ என்று போட்டார். மறு ஆண்டு மனநல மருத்துவர்கள் சார்ல்ஸ் சொக்காரிடீஸ், பெஞ்சமின் காஃப்மன் ஆகியோருடன் சேர்ந்து, தன்பாலீர்ப்பை ஆராய்ந்து சிகிச்சை தருவதாகச் சொன்ன ‘நார்த்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கி அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் அறையில் மின்னதிர்ச்சி கிடையாது. பேச்சுதான். ஒட்டாத தந்தை, அளவுமீறி ஒட்டும் தாய், மனம் நொந்து தந்தையை விலக்கிக்கொண்ட மகன் என்று வார்ப்பு முன்கூட்டியே தயார். வருபவரின் இளமைக்கால நினைவுகள் அதற்குள் ஊற்றப்படும். பிறகு ஆண் சிகிச்சையாளரோடு நெருங்கிய பிணைப்பு, காமம் கலவாத ஆண் நட்பு, விளையாட்டு. இவற்றால் அந்தப் பற்றாக்குறை நிரம்பினால் ஈர்ப்பு வற்றிவிடும் என்பது கணக்கு.

கணக்கு தப்புவது முதல் வரியிலேயே. நிலையத்துக்கு மனம் உடைந்து வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லோருக்கும் விதி எழுதினார். மகன் மற்றப் பையன்களைப் போல் இல்லை என்று கண்டு தந்தை விலகியிருக்கலாமே? எது முன், எது பின் என்பதைப் பிரித்தறிய அந்த முறையில் வழியில்லை. மாற்றம் வராவிட்டால் பழி வந்தவர் தலையில்: முயற்சி போதவில்லை, காயம் இன்னும் ஆழம். போகும்போது அவர் தன்வெறுப்போடு தந்தைமேல் ஒரு குற்றப்பத்திரிகையையும் சேர்த்து எடுத்துப்போவார்.

இங்கே தமிழ் ஒரு கை கொடுக்கிறது. ஈர்ப்பு, சேர்க்கை, அடையாளம் மூன்றும் நமக்கு வெவ்வேறு சொற்கள். ஒருவர் சேர்க்கையை நிறுத்தலாம், தன்னை வேறு பெயரிட்டு அழைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு அப்படியே இருக்கும். ‘மாறியவர்’ கதைகளில் பெரும்பாலும் சேர்க்கையையும் அடையாளத்தையும் காட்டி ஈர்ப்பை மாற்றியதாகச் சொன்னார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இங்கேதான் இடறியது: 200 பேரைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதையே சான்றாக வைத்தார். 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதில் முக்கியப் பங்காற்றியவரே இப்படி எழுதியதால் நிக்கோலோசி தரப்புக்கு அது பெரிய ஆயுதமானது. 2012இல் ஸ்பிட்சர் அந்த முடிவைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆகவே ‘ஓரினச்சேர்க்கையைக் குணப்படுத்துதல்’ என்று எழுதுவது இரட்டைப் பிழை. செயலைக் குறிக்கும் சொல்லை ஈர்ப்புக்குப் போடுகிறது, நோயல்லாததற்குக் குணம் பேசுகிறது.

இத்தகைய மாற்று முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயரான ‘கன்வெர்ஷன் தெரபி’க்கு வருவோம். ‘மாற்றுச் சிகிச்சை’ என்றால் சித்த மருத்துவமோ ஹோமியோபதியோ என்று நினைப்பார்கள். ‘பால்மாற்றுச் சிகிச்சை’ இன்னும் மோசம். திருநங்கையர் தாமே விரும்பிச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையை அது நினைவூட்டி, பொருளைத் தலைகீழாக்கும். ‘மதமாற்ற’ வாடை மூலச்சொல்லிலேயே உண்டு, அதைத் தமிழில் சுமக்கத் தேவையில்லை. மனநல மருத்துவத்தில் ‘கன்வெர்ஷன் டிஸார்டர்’ என்பது முற்றிலும் வேறு: நரம்பு நோயால் விளக்க முடியாத வாதம், வலிப்பு போன்ற குறிகள் தோன்றுவது.

நம் பரிந்துரை: பொதுப் பெயருக்குப் ‘பாலீர்ப்பு மாற்று முயற்சி’, பாலின அடையாளத்தையும் குறிவைத்தால் ‘பாலீர்ப்பு, பாலின அடையாள மாற்று முயற்சி’. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2009 அறிக்கையும் ‘முயற்சி’ என்ற சொல்லையே பயன்படுத்தியது. நிக்கோலோசியின் முறையை மட்டும் குறிக்க ‘ஈடுகட்டல் சிகிச்சை எனப்பட்டது’ என எழுதலாம். ‘எனப்பட்டது’ என்ற வால் நீளமாகத் தோன்றும். வெட்டிவிடாதீர்கள்.

சட்டச் செய்திகளிலும் இது உதவும். 18 வயதுக்கு உட்பட்டோரிடம் உரிமம் பெற்ற மனநலத்துறையினர் இத்தகைய மாற்று முயற்சியைச் செய்வதைக் கலிபோர்னியா 2012இல் சட்டமியற்றித் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவு, மருத்துவத்தின் பெயரால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது.

நிக்கோலோசி 2017 மார்ச்சில் இறந்தார். பெயர்கள் ஓயவில்லை. நார்த்தின் வாரிசு அமைப்பு ‘ஈர்ப்பின் நெகிழ்வை ஆராய்தல்’ என்ற பொருளில் புதுப்பெயர் கொண்டுவந்தது. அவருடைய மகன் ‘ரீஇன்டக்ரேட்டிவ் தெரபி’ என்கிறார். நாளை ‘மறுஒருங்கிணைப்புச் சிகிச்சை’ என்று மொழிபெயர்க்க ஒரு செய்தி மேசைக்கு வந்தால், அது எந்த ஈர்ப்பை எந்தப் பக்கம் நகர்த்தப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். பெயரை அப்புறம் எழுதலாம்.