நாய்ஸ் என்றால் இரைச்சல்: பார்க்கிற படத்துக்குக் கேட்கிற சொல் எப்படி வந்தது?

மங்கலான அறையில் பழைய டிஜிட்டல் கேமராவால் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கறுப்பாக இருக்க வேண்டிய திரைச்சீலை மடிப்பில் ஊதாவும் பச்சையும் சிவப்புமாகப் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். ஒரே நிறத்தில் இருக்க வேண்டிய சுவர், மணலை வாரித் தூவியதுபோல் சொரசொரவென்று தெரியும். இதைத்தான் நாம் ‘நாய்ஸ்’ என்கிறோம். ‘படம் ரொம்ப நாய்ஸா இருக்கு’ என்றால் கேமரா வைத்திருக்கிற எவருக்கும் புரியும்.

ஆனால் அது சத்தத்தைக் குறிக்கிற சொல் ஆயிற்றே, படம் எங்கே சத்தம் போடுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இருட்டில் எப்படிப் படம் எடுப்பது என்பதும் பாதி புரிந்துவிடும், அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே இதற்குக் கூச்சல், சச்சரவு என்று பொருள். அதற்கும் முன்னால் லத்தீன் ‘நௌசியா’, அதாவது கடற்பயணத்தில் வரும் குமட்டல், என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. கிரேக்கத்தில் ‘நௌஸ்’ என்றால் கப்பல். கப்பலில் தொடங்கி, குமட்டலாகி, கூச்சலாகி, கடைசியில் சத்தமாக நின்றிருக்கிறது.

படத்துக்குள் அது நுழைந்தது மின்னணுவியல் வழியாக. 1918இல் வால்டர் ஷாட்கி என்ற ஜெர்மன் இயற்பியலாளர், வெற்றிடக் குழாய்களில், அதாவது பழைய வானொலிகளில் இருந்த வால்வுகளில், மின்னோட்டம் ஏன் சீராக இல்லாமல் நடுங்குகிறது என்று விளக்கினார். எலக்ட்ரான்கள் தண்ணீர்போல் ஒழுகி வருவதில்லை, தனித்தனியாக, நினைத்த நேரத்தில் வந்து விழுகின்றன. ஒலிபெருக்கியில் அது ‘உஸ்ஸ்’ என்று கேட்கும், ஆகவே அதைச் சத்தம் என்று அழைத்ததில் வியப்பில்லை. 1928இல் ஜான்சன், நைக்விஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெப்பத்தாலேயே மின்சுற்றில் இன்னொரு வகை நடுக்கம் எழுவதைக் காட்டினார்கள். 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தன் தகவல் கோட்பாட்டில், அனுப்பிய செய்தியோடு வழியில் கலந்து அதைக் கெடுக்கிற எதுவானாலும் அதே சொல்லால் குறித்தார், அது காதில் விழுகிறதா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர் சிசிடி என்ற உணரியை உருவாக்கினார்கள். ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி எண்ணுகிற கருவி அது, பின்னால் டிஜிட்டல் கேமராவின் கண்ணாக ஆனது. எலக்ட்ரான் இருக்கிற இடத்துக்கு அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது.

சரி, தமிழில்? இரைச்சல் என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ‘கடல் இரைகிறது’ என்கிறோமே, அந்த ‘இரை’ என்ற வினைதான் இதன் வேர். விளை என்பதிலிருந்து விளைச்சல், உளை என்பதிலிருந்து உளைச்சல், அதேபோல் இரை என்பதிலிருந்து இரைச்சல். சத்தம், ஓசை, ஒலி ஆகியவை பொதுச் சொற்கள், நல்ல பாட்டும் ஒலிதான். இரைச்சலோ எதையும் தெளிவாகக் கேட்கவிடாதது. வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது வருவதை இரைச்சல் என்றுதானே சொல்கிறோம்? படத்தில் நடப்பதும் அதேதான்.

இதை ‘இறைச்சல்’ என்று எழுதுவது தவறு. அந்தத் தவறு எப்படி வருகிறது என்று புரிகிறது, ‘வாரி இறைத்தல்’ என்றால் சிதறவிடுவது, புள்ளிகளைப் பார்த்தால் யாரோ இறைத்துவிட்டதுபோலத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கே இடையின ரகரம்தான். ‘புள்ளி’, ‘மாசு’ என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. மாசு என்றால் துடைத்தால் போய்விடும், உணரிமேல் தூசி ஒட்டியிருக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார். ‘கிரெயின்ஸ்’ வேறு. அது படச்சுருளில் இருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களால் வருவது, அதைத் துகள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஷாட்கி விளக்கியதை ஆங்கிலத்தில் ‘ஷாட் நாய்ஸ்’ என்பார்கள். அந்த ஷாட் படம்பிடிக்கும் ஷாட் அல்ல. ஜெர்மனில் அவர் சொன்னது ‘ஷ்ரோட்’, அதாவது துப்பாக்கியில் போடும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். இதற்குத் தமிழில் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: ரவை. துப்பாக்கி ரவை என்கிறோமே, அதுதான். தகரத்தில் ரவை கொட்டினால் வருகிற தடதடப்பு, அதுவே ரவை இரைச்சல். இருட்டுப் படத்தில் நம்மைப் படுத்துவதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஒளியும் எலக்ட்ரான்களைப் போலத் தனித்தனித் துகள்களாகத்தான் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில், அதாவது உணரியின் ஒரு சின்னக் கட்டத்தில், 100 ஒளித்துகள்கள் விழ வேண்டும் என்றால், சரியாக 100 விழாது, சுமார் 10 கூடவோ குறையவோ விழும், அது பத்து சதவீத ஆட்டம். 10,000 விழுகிற இடத்தில் ஆட்டம் 100தான், ஒரே சதவீதம். வெளிச்சம் கூடக் கூட இரைச்சலும் கூடத்தான் செய்கிறது, ஆனால் படம் அதைவிட வேகமாகக் கூடி அதை மூழ்கடித்துவிடுகிறது.

இதனால் ‘ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ் வரும்’ என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. ஐஎஸ்ஓ என்பது உணரியில் பதிந்ததை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்கிற கேமரா அமைப்பு. அது வானொலியின் ஒலிக்குமிழ் மாதிரி, திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். இரைச்சல் பிறந்த இடம் வெளிச்சக் குறைவு. அதனால் குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம் என்று நினைத்தால், பல பழைய கேமராக்களில் இன்னும் மோசமாக வரும், நிழல்களில் கோடு கோடாகக்கூடத் தெரியும்.

பழைய சிறிய கேமராவின் உணரி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரியோடு பரப்பளவில் ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கும் மேல் சிறியது, விழுகிற வெளிச்சமும் அதற்கேற்பக் குறைவு. நம்மால் கூட்ட முடிந்தது நேரம்தான். என் பழைய கேமராவில் மேசை விளக்கு ஒன்றை மட்டும் எரியவிட்டு, புத்தக அடுக்கை ஐஎஸ்ஓ 800இல் எட்டில் ஒரு நொடிக்கு எடுத்தேன். முதுகில் இருந்த எழுத்துகள் மணலுக்குள் புதைந்ததுபோல் வந்தன. அப்புறம் கேமராவை மேசைமேலேயே வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓ 100இல் ஒரு முழு நொடி எடுத்தேன். இரண்டு படத்திலும் தெரிகிற வெளிச்சம் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் உணரிக்கு எட்டு மடங்கு ஒளி கிடைத்திருக்கிறது. சின்ன எழுத்துகூடப் படிக்க முடிந்தது, அதே கேமரா என்று நம்பவே முடியவில்லை.

ஜூம் செய்யாதீர்கள், பல சிறிய கேமராக்களில் ஜூம் போகப் போக லென்ஸின் திறப்பு சுருங்கி வெளிச்சம் குறையும். கிட்டப் போய் எடுங்கள்.

பொருள் அசையாமல் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கேமராவை ஆடாமல் வைத்து ஒரே காட்சியை நான்கு முறை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். 16 படம் என்றால் கால் பங்கு. ஒவ்வொரு படத்திலும் புள்ளி வேறு வேறு இடத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், காட்சி மட்டும் அதே இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் விடாமல் மின்னுகிற புள்ளி மட்டும் இதில் போகாது. அது ‘ஹாட் பிக்சல்’, உணரியில் ஒளி விழாவிட்டாலும் மின்னுகிற பிக்சல். லென்ஸை மூடி அதே நேர அளவுக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதைக் கழித்துத்தான் நீக்க வேண்டும். நீண்ட நேரப் படத்துக்குப் பிறகு சில கேமராக்கள் அதே அளவு நேரம் எதுவும் செய்யாமல் நிற்பதுபோல் இருக்குமே, அப்போது அவை உள்ளே எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கறுப்புப் படத்தைத்தான்.