வரைபடம் முடிந்த பிறகு ஆற்றல் தணிக்கையாளரை அழைக்காதீர்கள்

கோடைக்கால மின்கட்டணச் சீட்டு கைக்கு வந்ததும் எங்களைப் போன்ற ஆற்றல் தணிக்கையாளர்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "பில் தாங்க முடியவில்லை, வந்து பார்த்து எதையாவது குறைத்துக் கொடுங்கள்" என்பதுதான் எல்லோருடைய வேண்டுகோளும். போய்ப் பார்த்தால், குறைப்பதற்கு இருந்த வாய்ப்புகளில் பெரும்பகுதி கட்டடத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே கைநழுவிப் போயிருக்கும். எஞ்சியிருப்பது விளக்கை மாற்றுவதும் ஏசியின் வெப்பநிலையைக் கூட்டிவைப்பதும்தான். ஒரு தணிக்கை அறிக்கையின் முதல் பரிந்துரையே எல்.இ.டி. விளக்கு என்றிருந்தால், அந்தக் கட்டடத்தில் வேறு எதையும் தொட முடியவில்லை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அண்மையில் பார்த்த தனியார் மருத்துவமனை ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இதே கட்டடம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் நிற்கிறது. ஆறு தளங்கள், மொத்தம் சுமார் 60,000 சதுர அடி. முதன்மைச் சாலை மேற்கே இருப்பதால் மேற்கு முகப்பு முழுவதும் தரையிலிருந்து உச்சிவரை ஒற்றைக் கண்ணாடி, ஒரு சன்ஷேடுகூடக் கிடையாது. பகல் வெளிச்சம் தாராளமாக வரட்டும் என்று வைத்த அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாத் திரைகளும் இழுத்து மூடப்பட்டு, உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பில் போடும் பெண் தன் மேசையைக் கண்ணாடி ஓரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். உட்புறத் திரை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. அதை வெளியே தள்ளும் வேலை, நீரைக் குளிர்வித்துக் கட்டடமெங்கும் அனுப்பும் சில்லர் இயந்திரத்துடையது, அதற்கான கட்டணம் உரிமையாளருடையது.

மாடியில் 250 டன் சில்லர்கள் இரண்டு (டன் என்பது இங்கே எடையல்ல, குளிர்விக்கும் திறனின் அளவு). ஏன் 500 டன் என்று கேட்டதற்கு, "120 சதுர அடிக்கு ஒரு டன் என்பதுதானே கணக்கு" என்றார் ஏசி ஒப்பந்ததாரர். அது கணக்கல்ல, கணக்குப் போட நேரமில்லாதவர்கள் கையாளும் வாய்ப்பாடு. நாங்கள் அளந்தபோது உச்ச வெயிலிலேயே தேவை 200 டன்னைச் சற்றுத் தாண்டியதே தவிர, அதற்கு மேல் ஏறவில்லை. கட்டடக் கலைஞர் சாலையிலிருந்து பார்க்கும் அழகுக்காகக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். ஏசிக்காரர் கண்ணாடியைக் கேள்வி கேட்காமல் பரப்பளவை வகுத்து டன்னைப் போட்டார். மின்பணி ஆலோசகர் டன்னைக் கேள்வி கேட்காமல் டிரான்ஸ்பார்மரையும் ஜெனரேட்டரையும் அதற்கேற்பப் பெரிதாக்கினார். மின்வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெறும் உச்ச அளவான ஒப்பந்த மின்தேவையும் அதே விகிதத்தில் உயர்ந்ததால், ஓடாத இயந்திரத்துக்கும் மாதந்தோறும் டிமாண்ட் கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது. இவர்களில் எவரும் தம் தொழிலில் குறைந்தவர் அல்லர். ஆனால் கட்டடம் எழுந்து முடியும்வரை மூவரும் ஒரே மேசையைச் சுற்றி ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில்தான் என் பொறுமையை மிகவும் சோதிக்கிறது: "அதனாலென்ன, மொட்டைமாடியில் சோலார் போட்டுவிட்டோமே!" சோலார் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. போடுங்கள், கூரைக்கு நிழலாவது கிடைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த மருத்துவமனையின் மொட்டைமாடி 10,000 சதுர அடி. லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, கூலிங் டவர், தீயணைப்புக்கு விட வேண்டிய வழி ஆகியவை போக, நிழல் விழாத இடம் பாதிதான் தேறும். ஒரு கிலோவாட் பேனலுக்கு 100 சதுர அடி என்று கொண்டால் 50 கிலோவாட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆக, ஒரு நாளுக்கு 200 யூனிட். அதே கட்டடத்தின் சில்லர், பம்பு, காற்றுக் கையாளும் கருவிகள் எல்லாம் சேர்ந்து இரவும் பகலும் சராசரியாக 150 கிலோவாட் இழுத்தால், நாளுக்கு 3,600 யூனிட். மாடி முழுக்கப் பேனல் போட்டு ஏசிச் செலவில் பதினெட்டில் ஒரு பங்கை ஈடுகட்டியிருக்கிறார்கள். மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புறமாக நிழல் தட்டிகளும் தரமான கண்ணாடியும் வைத்திருந்தால் இதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கும், அதுவும் அந்தி சாய்ந்த பிறகும் சேர்த்து.

அந்தி சாய்ந்த பிறகு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும்" என்று சிலர் வாதிடுவார்கள். மின்கட்டமைப்பு ஆண்டுக் கணக்கில் ஓடுவதில்லை, நொடிக்கு நொடி ஓடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. இவ்விரண்டு நாள்களுக்கும் பின்னால் நிற்பது வெயிலும் அதைத் தணிக்க ஓடிய ஏசிகளும்தான். பகல் உச்சத்துக்குச் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. மாலை ஆறரைக்குப் பேனல்கள் ஓய்ந்துவிடுகின்றன, ஆனால் பகல் முழுவதும் சூடேறிய கான்கிரீட் சுவர்கள் நள்ளிரவுவரை வெப்பத்தை உள்ளே கக்கிக்கொண்டிருப்பதால் ஏசிகள் ஓய்வதில்லை. ஏப்ரலில் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் இன்னும் சரிவரச் சுழலத் தொடங்கியிருக்காது, தென்மேற்குப் பருவக்காற்று வர வேண்டும். அந்த நான்கைந்து மணி நேரத்தை அனல்மின் நிலையங்களும், சந்தையில் வாங்கும் விலையுயர்ந்த மின்சாரமும்தான் நிரப்புகின்றன. அந்த நேரத்துக்காக அனல்மின் அலகுகளைப் பகலிலும் அணைக்காமல், அவற்றின் திறனில் ஏறத்தாழ 55 சதவீத அளவிலாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, மேற்குப் பக்கச் சுவரில் ஒரு கட்டடக் கலைஞர் எடுக்கும் முடிவு, மாலை ஏழு மணிக்கு எங்கோ எரியும் நிலக்கரியின் அளவைத் தீர்மானிக்கிறது. இதைக் காலநிலைக் கொள்கை என்று அவரும் நினைப்பதில்லை, அவருக்கு அனுமதி கொடுக்கும் அலுவலரும் நினைப்பதில்லை.

அரசின் பக்கமும் இதே பிளவுதான். இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2019 மார்ச்சில் வெளியானது. 2037-38க்குள் குளிர்விப்புத் தேவையை 20 முதல் 25 சதவீதமும், அதற்கான மின்சாரத்தை 25 முதல் 40 சதவீதமும் குறைப்பது அதன் இலக்கு. வெளியிட்டது சுற்றுச்சூழல் அமைச்சகம். ஏசிக்கு நட்சத்திரக் குறியீடு கொடுப்பதும், ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை எழுதுவதும் மின்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள ஆற்றல் திறன் பணியகம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது மாநிலத்தின் நகரமைப்புத் துறையும் உள்ளாட்சிகளும். மின்கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம். ஏசி மெக்கானிக்குக்குப் பயிற்சி அளிப்பது தொழிற்பயிற்சி நிலையங்கள். ஒருவர் வைத்த இலக்கை அடையும் கருவிகள் மற்ற நால்வர் கையில் இருக்கின்றன. அந்தக் கட்டட விதித்தொகுப்பின் 2017 பதிப்பை எடுத்துக்கொள்வோம். 100 கிலோவாட்டுக்கு மேல் இணைப்புச் சுமையுள்ள வணிகக் கட்டடங்களுக்கு அது பொருந்தும். வெளிச்சுவர்ப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது என்கிறது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், வடக்கு தவிர்த்த பிற திசைக் கண்ணாடிகள் தம்மேல் விழும் வெயில் வெப்பத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்றும் சொல்கிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி 80 சதவீதத்தை உள்ளே விடும். ஆனால் மாநிலமும் உள்ளாட்சியும் தத்தம் கட்டட விதிகளில் இதை ஏற்றுச் சரிபார்த்தால்தான் அதற்கு உயிர். நான் பார்த்தவரையில், பக்க இடைவெளியையும் வாகன நிறுத்தத்தையும் டேப் பிடித்து அளக்கும் அலுவலர்கள், கண்ணாடியின் தரச்சான்றைக் கேட்டு வாங்கியதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதைப் படித்துப் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மெக்கானிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசியின் வாயு பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிவரும் அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வருடா வருடம் "கேஸ் அடிப்பது" காசையும் காற்றில் விடுவது, வாயுவையும் காற்றில் விடுவது. ஏசிகளில் பயன்படும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வெளியேறினால், அது 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பமாக்கலைச் செய்கிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், மொட்டைமாடியில் நின்று ஒருவர் வால்வைத் திறந்துவிடும் அந்த ஒரு நிமிடம், ஏறக்குறைய 3,000 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. ஐந்து நட்சத்திர ஏசி வாங்கிப் பல கோடைகளில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். பன்னாட்டு உடன்பாடான கிகாலி திருத்தத்தின்படி இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உறுதிமொழியின் கடைசிக் கண்ணி, வாயுவைக் காற்றில் விடாமல் உறிஞ்சி எடுக்கும் மீட்பு இயந்திரம் வாங்கப் பணமில்லாத ஒரு மெக்கானிக்கின் கையில் இருக்கிறது என்பதைத் தொழிலாளர் துறையும் தொழிற்கடன் கொடுக்கும் வங்கிகளும் கவனிக்க வேண்டும்.

வேளாண்மையிலும் இதே கதை உண்டு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச பம்புசெட் இணைப்புகளை, சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் நேரத்துக்குக் கொண்டுவருவது மின்துறைக்கு லாபம். நிலத்தடி நீரை அளப்பவர்களைக் கலந்துகொள்ளாமல் அதைச் செய்தால், மின்சாரம் சீராகி, கிணறு வற்றும். அது தனியே எழுத வேண்டியது.

இனி, செய்ய வேண்டியவை. கட்டடம் கட்டப் போகிறவர்களே, முதல் வரைபடம் கைக்கு வந்த வாரத்திலேயே கட்டடக் கலைஞர், ஏசி வடிவமைப்பாளர், மின்பணி ஆலோசகர், சோலார் நிறுவனத்தார் நால்வரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து விலை பேசும் பழக்கத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சதுர அடியை வகுத்து டன் சொல்பவரிடம், திசைவாரியாக வெப்பச் சுமைக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். இயந்திரத்தை ஒரே பெரிய அளவில் வாங்காமல், குறைந்த சுமையிலும் திறனோடு ஓடும்படி அளவைப் பிரித்து வாங்குங்கள்.

கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கே பார்த்த மனையைத் திருப்பிப்போட முடியாது என்பது எனக்கும் தெரியும். படிக்கட்டையும் கழிப்பறைகளையும் பண்டக அறையையும் மேற்கே தள்ள முடியும், கண்ணாடிக்கு வெளியே தட்டி வைக்க முடியும். அடித்தளத்தில் குளிர்ந்த நீரைச் சேமிக்க ஒரு தொட்டிக்கு இடம் விட்டால், நண்பகலில் சூரிய மின்சாரம் மலிவாக இருக்கும்போது நீரைக் குளிர்வித்து வைத்து, மாலையில் சில்லரை நிறுத்திவிட்டு அதைச் சுற்றவிடலாம். 2023-இல் திருத்தப்பட்ட மத்திய மின்நுகர்வோர் விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், வணிக, தொழில் நுகர்வோருக்கு உச்ச நேரக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்தக் கட்டணக் கணக்கை வரைபடம் போடுபவர் அறிந்திருந்தால் தொட்டிக்கு இடம் கிடைக்கும். அறியாவிட்டால் அந்த இடத்தில் இரண்டு கார்கள் நிற்கும்.

வீட்டில் இருப்பவர்கள் 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். உங்கள் ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் தன் முழுத் திறனுக்கு மேல் குளிர்விக்காது, அந்த எண்ணை அடையும்வரை ஓய்வெடுக்காது, அவ்வளவுதான். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி விற்கப்படுகின்றன. அதை மாற்றாமல் மின்விசிறியைச் சேர்த்துப் போடுங்கள், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். மொட்டைமாடியில் வெள்ளைத் தட்டோடு பதித்த பிறகு ஏசி வாங்கப் போங்கள், ஒன்றரை டன் கேட்ட அறைக்கு ஒரு டன் போதும் என்றாகலாம்.

உள்ளாட்சிப் பொறியாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒரு கட்டடத்தின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, மேற்கு முகப்பின் கண்ணாடிப் பரப்பையும் அதன் தரச்சான்றையும் கேட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், ஆற்றல் திறன் பணியகத்தின் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறோம். ஜூன் மாதத்தில் வரும் அழைப்பைவிட அந்த அழைப்புக்கு நாங்கள் வேகமாக வருவோம்.