அசையாத வெண்கலம் பாய்வது எப்படி?

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், கேவனா பாலத்துக்கு அருகே, சிறுவர்கள் ஐவர் தண்ணீருக்குள் குதிக்கும் வெண்கலச் சிற்பத்தைப் பலரும் பார்த்திருப்போம். உள்ளூர்ச் சிற்பி சோங் ஃபா சியோங் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பட்ட இந்தச் சிற்பத்துக்கு ‘முதல் தலைமுறை’ என்று பெயர். ஆற்றில் சரக்குப் படகுகள் நெருக்கியடித்த காலத்தில் அக்கரையில் வளர்ந்த பிள்ளைகளின் அன்றாட விளையாட்டு அது. அந்த ஆறு இன்று மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. குதிக்கும் பிள்ளைகளும் அங்கே இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள உலோகம், கரையில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தும், இதோ தண்ணீரில் விழப்போகிறது என்ற எண்ணத்தைப் பார்ப்பவர் ஒவ்வொருவரிடமும் எழுப்பிவிடுகிறது. அசையவே முடியாத பொருள் அசைவை எப்படிச் சொல்கிறது என்ற கேள்விக்கு இயற்பியலும் நரம்பியலும் உலோகவியலும் சேர்ந்துதான் விடை தருகின்றன.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். கரையிலிருந்து நீர்ப்பரப்பு இரண்டு மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டால், நழுவி விழும் சிறுவன் ஏறத்தாழ 0.64 விநாடியில் தண்ணீரைத் தொட்டுவிடுவான். அப்போது அவனுடைய வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இந்த முக்கால் விநாடிக்குள் அவன் உடல் எத்தனையோ நிலைகளைக் கடக்கிறது. அவற்றுள் எதைச் சிற்பி தேர்ந்தெடுப்பது?

மிக வேகமான கணத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று தோன்றலாம். அது பெரும்பாலும் தவறான தேர்வாகவே முடிகிறது. ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் மிக விரைவாகச் செல்வது அதன் வீச்சின் அடிப்புள்ளியில்தான். அந்தக் கணத்தில் கயிறு நேர்செங்குத்தாக நிற்கிறது. அதை அப்படியே வார்த்தால், ஆடாத ஊஞ்சலில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. மாறாக, வீச்சின் உச்சியில், அதாவது ஊஞ்சல் திரும்பும் புள்ளியில், வேகம் சுழியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாய்வில் எந்தப் பொருளும் நிலைத்து நிற்க முடியாது என்பது பார்ப்பவருக்குத் தெரியும், ஆகவே அடுத்து வரும் வீச்சை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. சிட்னி ஹார்ப்லி 1984இல் செய்த ‘ஊஞ்சலில் சிறுமி’ சிற்பம் நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அன்பளிப்பாகத் தந்தது. அங்கே போகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு அச்சிறுமியின் சாய்வைப் பார்க்கலாம். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கச் சிற்பி மைரன் வட்டு எறியும் வீரனைச் செய்தபோதும், கை பின்னோக்கி முழுதாகச் சென்று முன்னோக்கித் திரும்பவிருக்கும் கணத்தையே தேர்ந்தெடுத்தார்.

மேல்நோக்கித் துள்ளும் உடலுக்கும் இதுபோன்ற ஒரு கணக்கு உண்டு. தரையிலிருந்து எழும்பிக் கீழே வரும் நேரத்தில் சுமார் 70 விழுக்காட்டை உடல் துள்ளலின் மேல்பாதி உயரத்திலேயே கழிக்கிறது, ஏனெனில் உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. நல்ல நடனக் கலைஞர் காற்றில் ஒரு கணம் தங்குவதுபோல் தெரிவதற்கு இது முக்கியமான காரணம். துள்ளலைச் செதுக்கும் சிற்பிகள் பெரும்பாலும் உச்சியையே நாடுவதும் இதனால்தான்: கண் அதிக நேரம் கண்டு பழகிய நிலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைப்படக் கருவி இந்தக் கணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டத் தொடங்கியது. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைக் கணம் கணமாகப் பதிவுசெய்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் தருணம் உண்டு என்பது அதில் உறுதியானது. ஆனால் அந்தத் தருணத்தில் கால்கள் ஓவியர்கள் வரைந்துவந்ததுபோல் முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருந்தன. அதுவரை வரையப்பட்ட எத்தனையோ பந்தயக் குதிரைகள் உடலமைப்பின்படி பிழையானவை என்று தெரியவந்தது.

இதை வைத்து ஓவியர்களையும் சிற்பிகளையும் திருத்த முற்பட்டவர்களுக்குப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சொன்ன மறுமொழி, என் பார்வையில், இத்துறையின் அடிப்படைப் பாடம். 1911இல் வெளியான உரையாடல் ஒன்றில் அவர், உண்மையில் காலம் நிற்பதில்லை, ஆகையால் காலத்தை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய் சொல்கிறது, கலைஞர் உண்மை சொல்கிறார் என்று வாதிட்டார். நடக்கும் மனிதரைப் படமெடுத்தால் அவர் திடீரென்று வாதம் வந்து நின்றுபோனவர்போல் தெரிகிறார்; ரோதானின் சிற்பத்தில் நடக்கும் மனிதருக்கோ இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும். நடையின் எந்தக் கணத்திலும் அப்படியொரு நிலை கிடையாது, ஆனாலும் அவர் நடக்கிறார்.

இதன் சூத்திரத்தை ரோதான் வேறொரு சிலையைக் கொண்டு விளக்கினார். பாரிஸில் 1853இல் நிறுவப்பட்ட தளபதி நேயின் சிலை, ஃபிரான்சுவா ரூட் செய்தது. அதில் கால்களும் உறையைப் பிடித்த இடக்கையும் வாளை உருவிய கணத்தில் இருக்கின்றன. மார்பு அதற்குப் பின்வந்த கணத்தில் நிமிர்ந்து முன்னே திரும்பியிருக்கிறது. வாளேந்திய வலக்கை அதற்கும் அடுத்த கணத்தில் மேலே உயர்ந்திருக்கிறது. கீழிருந்து மேலாகப் பார்வை ஏறும்போது கண் மூன்று வெவ்வேறு நேரங்களைக் கடந்துவிடுகிறது, அந்தக் கடப்பே அசைவாகத் தோன்றுகிறது. ஒரு நொடியை உறையவைப்பது சிற்பியின் வேலையன்று. அதற்கு முன்னதையும் பின்னதையும் ஒரே உடலுக்குள் அடுக்கிவைப்பதே அவருடைய வேலை.

இந்த ஏற்பாடு ஏன் பலிக்கிறது என்பதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. 1983இல் ஜெனிஃபர் ஃபிரைட் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். செயலின் நடுவே எடுக்கப்பட்ட ஒரு படத்தைச் சற்று நேரம் காட்டிவிட்டு, பிறகு காட்டும் படம் அதே படமா, வேறு படமா என்று கேட்டார். சுவரிலிருந்து குதிக்கும் மனிதரின் படம் போன்றவை அதில் இடம்பெற்றன. இரண்டாவது படம் சற்று முந்தைய கணத்தினுடையதாக இருந்தால் வேறு என்று விரைவாகச் சொல்லிவிட்டவர்கள், சற்றுப் பிந்தைய கணத்தினுடையதாக இருந்தால் தயங்கினார்கள். கோலப் புள்ளிகளைக் கண்டதும் கோடு மனத்தில் ஓடிவிடுவதுபோல, படத்தில் இல்லாத அடுத்த கணத்தை அவர்களுடைய நினைவு ஏற்கெனவே வரைந்துவிட்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் கூர்ட்சி, கன்விஷர் என்ற இரு ஆய்வாளர்கள் மூளையின் செயல்பாட்டை நேரடியாகப் படமெடுத்துப் பார்த்தபோது, உண்மையான அசைவைக் காண்பதற்கென்றே அமைந்த பகுதி, பாயும் விளையாட்டு வீரரின் அசையாத படத்தைக் கண்டபோதும், ஓய்வாக இருப்பவரின் படத்தைக் காண்பதைவிட அதிகமாகத் தூண்டப்பட்டது. ஆற்றங்கரைச் சிறுவர்கள் விழப்போகிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதைக் கவித்துவமான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மூளை அளவில் அது ஓரளவு நடக்கவே செய்கிறது.

பல நேரங்களை ஓர் உடலில் அடுக்கும் இந்தக் கலையின் மிக நிறைவான எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. சோழர் கால நடராசர் திருமேனியை மேற்சொன்ன கண்ணோடு பார்த்தால், அதன் பகுதிகள் ஒரே கணத்தைச் சேர்ந்தவையல்ல என்பது தெரியும். இருபுறமும் கிடைமட்டமாகப் பறக்கும் சடைகள், உடல் வெகுநேரமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது என்கின்றன. புவியீர்ப்பை மீறித் தலைமுடி பக்கவாட்டில் விரிய வேண்டுமானால் சுழற்சி கடுமையாக இருந்தாக வேண்டும். ஆனால் குறுக்கே தூக்கிய இடக்கால், அடவின் இறுதியில் நிறுத்திக் காட்டும் ஒரு நிலை. பறக்கும் உத்தரீயம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தின் அடையாளம். முகமோ எதிலும் சேராமல் அமைதியாக இருக்கிறது. முயலகன்மேல் ஊன்றிய வலக்காலுக்கு நேர்மேலே உடலின் எடை வந்து சேருமாறு அமைத்திருப்பதால், நான்கு கைகளும் ஒரு காலும் வெளியே பரவியிருந்தும் உருவம் சாய்வதாகத் தோன்றுவதில்லை. ரோதான் சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் வெண்கலங்களைப் புகைப்படங்களில் கண்டு வியந்து எழுதிய கட்டுரை அவர் மறைவுக்குப் பிறகு 1921இல் வெளியானது. தம் வாழ்நாள் முழுவதும் தேடிய ஒன்றை அவர் அதில் கண்டுகொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

இதை உலோகத்தில் சாத்தியமாக்கியது மெழுகு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் முறையில், தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் முதலில் உருவம் முழுவதும் செய்யப்படுகிறது. கை, கால், சடை எல்லாம் தனித்தனியே உருட்டி, சூடேற்றிய கருவியால் ஒட்டவைக்கப்படுகின்றன. இளஞ்சூட்டில் மெழுகு வளையும். ஒரு விரலை அரை அங்குலம் திருப்பிப் பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடியும் திருப்பலாம். கல்லில் இதற்கு வழியே இல்லை. பிறகு காவிரியின் வண்டல் மண்ணை மென்மையாகக் குழைத்து மெழுகின்மேல் பூசி, அதன்மேல் சொரசொரப்பான மண் அடுக்குகளைச் சேர்த்து, கம்பி கட்டிக் காயவைக்கிறார்கள். ‘கரு’ எனப்படும் இந்த மண் அச்சைச் சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். கரு ஆறுவதற்குள் ஊற்றிவிட வேண்டும். குளிர்ந்த கருவில் மெல்லிய சடைகளின் நுனியைச் சேர்வதற்கு முன்பே உலோகம் உறைந்துவிடும். பறக்கும் சடையின் மெல்லிய நுனி பிழைப்பது இந்தச் சில நிமிடங்களின் வெப்பநிலையைப் பொறுத்தது.

உருவம் பிறந்துவிட்டாலும் அது நிற்க வேண்டும். அசைவைக் காட்டும் உடல் பெரும்பாலும் சமநிலை தவறிய உடல், ஆகவே சிற்பி இரண்டு எதிரெதிர்த் தேவைகளுக்கு நடுவே வேலை செய்கிறார்: பார்ப்பதற்கு விழ வேண்டும், உண்மையில் விழக்கூடாது. சலவைக்கல் அமுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், ஆனால் இழுக்கும் விசைக்கு எளிதில் உடைந்துபோகும். நீட்டிய கையின் மேற்புறம் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருப்பதால் கல்லில் அது ஆபத்தான பகுதி. மைரனின் வெண்கல வீரனை ரோமானியர்கள் சலவைக்கல்லில் படியெடுத்தபோது காலருகே ஒரு மரத்தண்டைச் சேர்க்க நேர்ந்தது இதனால்தான். வெண்கலம் இழுவிசையையும் தாங்கும், உள்ளே குடைவாகவும் வார்க்கலாம். மட்ரிட் நகரில் 1640இல் முடிக்கப்பட்ட நான்காம் பிலிப் மன்னரின் சிலையில் குதிரை பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது; கலிலியோவின் ஆலோசனைப்படி பின்பகுதியைக் கெட்டியாகவும் முன்பகுதியைக் குடைவாகவும் வார்த்ததாகச் சொல்லப்படுகிறது. குதிரையின் வாலும் ஓசைப்படாமல் எடையில் ஒரு பங்கைப் பீடத்துக்கு இறக்குகிறது. பல நடராசர் திருமேனிகளில் சடை நுனிகளும் உத்தரீயமும் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசியைத் தொட்டு நிற்பதும் இத்தகைய ஏற்பாடே.

புதிதாகச் செய்ய முனைபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வேகமாகச் செய்துபார்க்க வேண்டும் என்பதுதான். உள்ளே கம்பிச் சட்டம், வெளியே மெழுகோ களிமண்ணோ, கைக்குள் அடங்கும் அளவு. முகமும் விரலும் பிறகு வரட்டும், முதுகெலும்பின் வளைவும் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதும் முதலில் வர வேண்டும். ஓவியர் தெகா 1917இல் இறந்தபோது அவருடைய பட்டறையில் சுமார் 150 மெழுகு, களிமண் உருவங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை மட்டுமே அவர் வாழ்நாளில் காட்சிக்கு வைத்திருந்தார். நடனக்காரிகள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும் குதிரைகள் துள்ளுவதுமாக இருந்த அந்த உருவங்களைப் பின்னாளில் ஊடுகதிர்ப் படமெடுத்தபோது, உள்ளே புட்டித் தக்கைகளும் தூரிகைக் காம்புகளும் தெரிந்தன. கைக்குக் கிடைத்ததைத் திணித்து, தோரணை மறைவதற்குள் அவர் அதைப் பிடித்திருக்கிறார்.

இவையெல்லாம் அசையாத சிற்பத்தின் வழிகள். உண்மையிலேயே அசைந்து கணங்களைக் காட்டும் சிற்பம் ஒன்று சாங்கி விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில் 2012இல் நிறுவப்பட்டது. பெர்லின் நகரின் ஆர்ட்பிளஸ்காம் குழு வடிவமைத்த ‘கைனெட்டிக் ரெயின்’ அது. தாமிரம் பூசிய 1,216 அலுமினியத் துளிகள் மெல்லிய எஃகுக் கயிறுகளில் தொங்குகின்றன. ஒவ்வொரு கயிற்றையும் கூரைக்குள் மறைந்திருக்கும் ஒரு மோட்டார் கணினியின் கட்டளைப்படி ஏற்றி இறக்குகிறது. இங்கே ஒரு கடுமையான எல்லை உண்டு. கயிற்றால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. ஆகவே துளி கீழிறங்கும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பின் 9.8 மீட்டர்/விநாடி² அளவை மிஞ்ச வழியில்லை. மோட்டார் அதைவிட விரைவாகக் கயிற்றை விட்டால் கயிறு தொய்ந்து, பிறகு வெட்டியிழுக்கும். எனவே இத்தகைய அமைப்பில் ஒவ்வோர் அசைவும் மெல்லத் தொடங்கி மெல்ல முடியுமாறு கணக்கிடப்பட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: எந்தத் துளியும் பக்கவாட்டில் நகர்வதில்லை. இருந்தும் விமானமும் பட்டமும் கூடத்தின் குறுக்கே மிதந்து போகின்றன. அடுத்தடுத்த துளிகள் ஒரே ஏற்ற இறக்கத்தைச் சற்றுத் தாமதித்துச் செய்வதால், கடலலையில் நீர் மேலும் கீழுமாக ஆட அலை மட்டும் கரைநோக்கிச் செல்வதற்கு ஒப்பான விளைவு உண்டாகிறது. பயணத்துக்கு நேரமிருந்தால் முதலில் ஒரே ஒரு துளியை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: அது ஏறும், நிற்கும், இறங்கும், அவ்வளவுதான். பிறகு பார்வையை அகலமாக்கினால், சற்றுமுன் எங்குமே இல்லாத ஒரு விமானம் அந்தத் துளி வழியாகவும் கடந்துபோவதைக் காணலாம்.