பெரிய ஃபர்னஸ் போட்டால் வீடு நன்றாகச் சூடாகும் என்பது பிழை

போன செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு ஃபர்னஸ், அதாவது காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் மெஷின், பார்க்கப் போனேன். 1950களில் கட்டிய செங்கல் பங்களா. மேலே மூன்று அறை, கீழே பேஸ்மென்ட்டில் படிக்க வந்த பிள்ளைகள் இருவர் வாடகைக்கு. கதவைத் திறந்த அன்ரி வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தார். "தம்பி, புது ஃபர்னஸ் பூட்டி ஒரு மாசம் ஆகேல்லை. ஹோல் கொதிக்குது, பின்னறை ஐஸ் மாதிரிக் கிடக்கு. அங்கை வைச்ச கறிவேப்பிலைக் கண்டும் இலை கொட்டிப்போச்சு."

இந்தக் குளிர்காலத்தில் இதே முறைப்பாட்டோடு நான் போன நான்காவது வீடு இது. நாலிலும் ஒரே பிழை. அதனால்தான் எழுதுகிறேன்.

கீழே போய்ப் பார்த்தேன். புது ஃபர்னஸின் தகட்டில் 100,000 பிடியு (மணிக்கு எவ்வளவு சூடு என்பதற்கான அளவு), திறன் 96 சதவீதம் என்று இருந்தது. கழற்றிய பழையது எவ்வளவு என்று கேட்டேன். பழைய பில்லை எடுத்துக் காட்டினார்: அதுவும் 100,000, திறன் 80. "அதே அளவுதானே தம்பி போட்டவை?" என்றார். இல்லை அன்ரி, அதே அளவு இல்லை. தகட்டில் பெரிதாக எழுதியிருப்பது எரிக்கும் காஸின் கணக்கு. வீட்டுக்குள் வரும் சூடு வேறு. பழையது 80,000 தந்தது, புதியது 96,000 தருகிறது. இடையில் ஜன்னல் எல்லாம் மாற்றியாகிவிட்டது, கூரைக்குள் இன்சுலேஷனும் போட்டாகிவிட்டது. வீட்டின் தேவை குறைந்திருக்கிறது, மெஷின் பெரிதாகியிருக்கிறது. பழையதே அந்த வீட்டுக்குத் தேவையைவிட மிகப் பெரியது. அந்தக் காலத்தில் காஸ் மலிவு, பெரிதாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிதாக இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். சூட்டைப் பார்த்து ஃபர்னஸைப் போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பது ஹோலில். பெரிய ஃபர்னஸ் நான்கு நிமிடத்தில் ஹோலைச் சூடாக்கிவிடும். தெர்மோஸ்டாட் போதும் என்று நிறுத்திவிடும். அந்த நேரம் பின்னறைக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் நீளமான குழாய், டக்ட், இன்னும் சுடக்கூடத் தொடங்கியிருக்காது. கொஞ்சத்தில் ஹோல் குளிரும், திரும்ப நான்கு நிமிடம், திரும்ப நிற்கும். பெருநெருப்பில் வைத்த சோறு அடிப்பிடிக்கும், மேலே அரிசியாகவே கிடக்கும் இல்லையா? அதேதான்.

இன்னொன்றும் உண்டு. 96,000 பிடியு சூட்டை அள்ளிக்கொண்டு போக நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,700 கன அடி வரை காற்று ஓட வேண்டும். அந்த வீட்டு டக்ட்டில் 1,000 ஓடுவதே கஷ்டம். காற்றுப் போதாமல் ஃபர்னஸின் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடுகிறது. நான் குந்தியிருந்து பார்க்கும்போதே மூன்று தடவை அணைந்தது. முன்மூடியில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே கன்ட்ரோல் பலகையின் விளக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பிழையைக் காட்டி மினுங்கியது. இப்படிச் சூடேறி ஆறிச் சூடேறினால் உள்ளே நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் காலத்துக்கு முன்பே வெடிப்பு விழும். இருபது வருடம் பாவிக்க வேண்டிய சாமான்.

போன வருடம் ஒரு வீட்டில் 40,000 பிடியு ஃபர்னஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். வெளியே -17 இருந்த ஒரு இரவு அந்த வீட்டு ஐயா பதறிப்போய்ப் போன் எடுத்தார்: "தம்பி, மெஷின் நிக்காமல் ஓடுது!" பின்னறை எத்தனை பாகை என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து 21 என்றார். கடும் குளிரில் ஃபர்னஸ் அப்படித்தான் ஓட வேண்டும். நிற்காமல் மெதுவாக ஓடுவது நோய் இல்லை, சுகம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை காஸ் பில்லை வைத்தே ஓரளவு பிடித்துவிடலாம். ஜனவரியில் 450 கன மீட்டர் எரிந்தது என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 35,300 பிடியு. 80 சதவீத ஃபர்னஸ் என்றால் வீட்டுக்குள் வந்தது சுமார் 1.27 கோடி. மாதத்தின் 744 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 17,000. வெளியே சராசரி -5, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 26 பாகை. ரொறன்ரோவில் கணக்குக்கு எடுக்கும் கடும் குளிர் -18, அப்போது வித்தியாசம் 39. ஒன்றரை மடங்கு. ஆக 26,000க்குக் கிட்ட. குளிக்கிற சுடுதண்ணீருக்கு எரிந்ததையும் நான் இதில் கழிக்கவில்லை. இப்படியொரு வீட்டுக்கு 100,000 எதற்கு?

இது கைக்கணக்குத்தான். முறையான கணக்குக்கு கனடாவில் எஃப்280 என்ற தரமுறை இருக்கிறது. சுவர், ஜன்னல், கூரை, காற்றுக் கசிவு எல்லாம் அளந்து அறை அறையாகப் போடுவது. விலை சொல்ல வருகிறவர் பழைய தகட்டை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் அவரிடம் வாங்காதீர்கள். கணக்கைத் தாளில் கேளுங்கள். ஒன்ராறியோவில் காஸ் வேலைக்கு அனுமதி கொடுக்கும் டிஎஸ்எஸ்ஏயின் லைசென்ஸ் கார்டைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் போகட்டும். மெஷினில் செலவழிக்க முன் கூரைக்குள் இன்சுலேஷனைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில் சிறுகல் மாதிரி மினுங்கும் பழைய வெர்மிகுலைட் கிடந்தால் தொடாதீர்கள், அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். முதலில் பரிசோதிக்க வேண்டும். சூடு வெளியே வரும் வென்ட்டுக்கு மேல் சோபாவையும் சாமி அலுமாரியையும் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் கரண்ட் மெஷினான ஹீட் பம்ப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், நல்லது. குளிர் நாட்டுக்கென்று செய்தவை -25 வரை வேலை செய்கின்றன. ஆனால் அதற்கும் இதே கணக்கும் இதே டக்ட் சோதனையும் வேண்டும். பிரேக்கர் பனல் 60 ஆம்ப் என்றால் அது போதாமல் போகலாம், எலெக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள்.

கூப்பிடாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் சட்டவிரோதம். ஆரும் வந்து "உங்கட ஃபர்னஸ் பழசு, இலவசமாச் சோதிக்கிறம்" என்றால் கதவைச் சாத்துங்கள். நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். மாத வாடகைக்கு என்று கையெழுத்துப் போட முன் மொத்தம் எத்தனை வருடம், மொத்தம் எத்தனை டொலர் என்று பிள்ளைகளை வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

சரி, அன்ரி வீட்டுக்கு வருகிறேன். ஃபர்னஸை விட அதற்குப் பக்கத்தில் இருந்த சுடுதண்ணீர் டாங்க்தான் என்னைப் பயப்படுத்தியது. அதன் தலையில், தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வளையங்கள் இரண்டும் உருகி வழிந்திருந்தன. மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள்ளே திரும்பி வழிகிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். பழைய ஃபர்னஸும் டாங்கும் ஒரே செங்கல் சிம்னியில் புகை விட்டன. புது ஃபர்னஸுக்குப் பிளாஸ்டிக் குழாயைச் சுவர் வழியே வெளியே விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய, குளிர்ந்த சிம்னியில் இப்போது சின்ன டாங்கின் புகை மட்டும். அதற்கு மேலே ஏறச் சூடு போதாது. சிம்னிக்குள்ளே லைனர் என்ற ஒடுங்கிய குழாயை இறக்கியிருக்க வேண்டும். யாரும் இறக்கவில்லை. சமையலறை ஃபேனைப் போடச் சொல்லிவிட்டு டாங்கின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தேன். புகையின் ஈரம் உடனே அதில் பனியாய்ப் படர்ந்தது. எங்கள் வீடுகளில் மீன் பொரிக்கும்போது அந்த ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அது வீட்டுக் காற்றை உறிஞ்ச, சிம்னி வழியே புகை கீழே இறங்கும்.

பேஸ்மென்ட் பிள்ளைகளில் ஒருத்திக்கு இரண்டு கிழமையாகத் தலையிடியாம். பல்கலைக்கழகத்துக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்ப. பரீட்சை என்றபடியால் என்று நினைத்திருக்கிறாள். டாங்கின் காஸை அங்கேயே பூட்டி, பாவிக்கக்கூடாது என்ற சிவப்புச் சீட்டைக் கட்டினேன். அந்தப் புகையில் இருக்கக்கூடிய நச்சு வாயு கார்பன் மோனாக்சைட். அதற்கான அலாரம் மேலே படுக்கையறைப் பக்கம் ஒன்று இருந்தது. கீழே இல்லை.

காஸ் எரிகிற வீட்டில் எல்லோரும் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். கார்பன் மோனாக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. அலாரம் அடித்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலை சுற்றி ஓங்காளித்தால், ஜன்னல் திறந்துகொண்டு நிற்காதீர்கள். வெளியே வந்து 911 எடுங்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் திகதி இருக்கும், முடிந்திருந்தால் மாற்றுங்கள். தயவுசெய்து இன்றிரவு ஒருக்கால் கீழே இறங்கி, உங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கிற பிள்ளையின் அறை வாசலில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.