பாட்டை ஏற்றுவதற்கு முன் பெயர்களை எழுதுங்கள்

"இன்னும் கொஞ்சம் சத்தமா வருமா?"

வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் மாஸ்டரிங்குக்கு வரும் ராக் குழுக்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வரும், ஆனால் பெரிய பயன் இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) அளவுக்குச் சமன்செய்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் நசுக்கி நசுக்கி மைனஸ் 7 வரை ஏற்றிக் கொடுத்தால் அங்கே குறைத்துவிடுவார்கள். சத்தம் போய்விடும், நசுங்கிய டிரம்ஸ் மட்டும் அப்படியே மிஞ்சும். இதைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்பேன். அதற்குத்தான் பல குழுக்களிடம் பதில் இருக்காது. இந்தப் பாட்டை எழுதியது யார்?

ஒலியைச் சரிசெய்கிறவனுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஆல்பம் வெளியே போவதற்கு முன் கடைசியாகக் கைபடும் இடம் என்னுடையது. ஒவ்வொரு டிராக்குக்கும் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் எல்லாவற்றையும் இங்கேதான் சரிபார்த்து அனுப்புகிறோம். கம்பெனி வெளியிடும் ஆல்பம் என்றால் இந்த விவரங்களை ஒப்பந்தத்தோடு யாராவது கேட்டு வாங்கியிருப்பார்கள். சொந்தமாக வெளியிடும் குழுவிடம் கேட்க ஆளே இல்லை. கேட்கும் முதல் ஆள் பெரும்பாலும் நான்தான்.

சில காலம் முன்பு நான்கு பேர் கொண்ட குழு ஒன்று பத்துப் பாட்டுகளோடு வந்தது. இரண்டு வருட உழைப்பு, நல்ல ஆல்பம். கடைசி நாள் மாலை படிவத்தை நீட்டினேன். பாடகர் பேனாவை எடுத்து எல்லாப் பாட்டுக்கும் தன் பெயரை மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். மூன்றாவது பாட்டுக்கு வந்ததும் பேஸ் வாசிப்பவர், "டேய், அந்த ரிஃப் நான் போட்டதுடா" என்றார் (ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் குட்டி மெட்டு). "ரிஃப் உன்னுது, பாட்டு என்னுது" என்று பதில் வந்தது. அறை அமைதியாகிவிட்டது. டிரம்மர் சிம்பலைத் துடைக்கும் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது பாட்டின் தொடக்கத்தில் வரும் கீபோர்டு மெட்டு யாருடையது என்று கேட்டேன். குழுவில் கீபோர்டுக்காரரே இல்லை. "அது பழைய ஆளு போட்டது. அவன்தான் போயிட்டானே" என்றார் கிட்டாரிஸ்ட்.

ஆள் போனாலும் உரிமை கூடவே போய்விடுவதில்லை. இங்கிலாந்தின் புரோகோல் ஹாரம் குழு 1967-இல் வெளியிட்ட 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் ஓர் ஆர்கன் மெட்டு வரும். பாட்டை மறந்தவர்களுக்கும் அந்த மெட்டு நினைவிருக்கும். அதை வாசித்த மேத்யூ ஃபிஷரின் பெயர், எழுதியவர்கள் பட்டியலில் அப்போது சேர்க்கப்படவில்லை. அவர் 2005-இல் வழக்குப் போட்டார். பாட்டு வந்து 38 வருடம் கழித்து! 2006-இல் நீதிமன்றம் இசையில் அவருக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்றது. மேல்முறையீடுகளைத் தாண்டி 2009-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் முடித்துவைத்தது.

எப்போதும் இப்படியே தீர்ப்பு வரும் என்று நினைத்துவிட வேண்டாம். 1999-இல் அதே இங்கிலாந்தின் ஸ்பாண்டோ பாலே குழுவின் மூவர், பாட்டு எழுதிய பணத்தில் பங்கு தருவதாக வாய்மொழியாகப் பேசியிருந்தோம் என்று வழக்காடித் தோற்றார்கள். அவர்கள் வாசித்ததை வாசிப்பாகத்தான் நீதிபதி பார்த்தார், பாட்டை எழுதியதாக ஏற்கவில்லை. ஒரே நாட்டில் பத்து வருட இடைவெளியில் இரண்டு வேறு முடிவுகள். எந்தப் பக்கம் சாயும் என்பது சண்டை முடிந்த பிறகுதான் தெரியும்.

குழப்பத்துக்குக் காரணம், ஒரு டிராக்குக்குள் இரண்டு சொத்துகள் இருப்பது. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதை வாசித்துப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் பதிப்புரிமை தனித்தனி, பணம் வரும் வழியும் தனித்தனி. டிரம்மர் ஒரு வரிகூட எழுதாமல் இருக்கலாம். பதிவின் வருமானத்தில் அவருக்குப் பங்கு இருக்கும். ஸ்மித்ஸ் குழுவின் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கு அந்த வருமானத்தில் 10 சதவீதம் கொடுத்துவந்தார்கள். 1996-இல் நீதிமன்றம் 25 சதவீதம் என்றது. அந்தக் குழு சட்டப்படி ஒரு கூட்டுத் தொழில். வேறு விதமாக ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு. எழுதாமல் விட்டால் உங்களுக்குப் பதிலாகச் சட்டம் எழுதிவிடுகிறது. (நான் வக்கீல் இல்லை, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எழுதிய தாள் எங்கேயும் பயன்படும்.)

தாளில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பாட்டின் பெயர், எழுதியவர்கள், யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும், தேதி, எல்லோருடைய கையெழுத்து. பதிவுக்கு இன்னொரு தாள். சமமாகப் பிரிப்பதா, உழைப்புக்கு ஏற்பப் பிரிப்பதா என்று என்னைக் கேட்டால் சமம் என்பேன். 1989 ஆல்பத்தில் குவீன் குழுவே எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரில் போட்டது. யாருடைய பாட்டு சிங்கிளாக வருவது என்ற சண்டை அதோடு குறைந்தது. பணத்துக்கு வந்தாலும் காசில்லாமல் வந்தாலும் ஸ்டூடியோவில் வாசித்துக் கொடுத்த வெளியாட்களிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். லூப் (ஆயத்தமாக விற்கப்படும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டு) வாங்கிப் போட்டிருந்தால் அதன் உரிம நிபந்தனையைச் சேமித்துவையுங்கள். அதே லூப் இன்னொருவர் பாட்டிலும் இருக்கும். வீடியோக்களில் வரும் பாட்டைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் உங்கள் டிராக்கைப் பதிந்தால் அவர் வீடியோவில் உங்கள் உரிமைகோரல் போய் விழும்.

ஐஎஸ்ஆர்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 12 இடங்கள் கொண்ட அடையாள எண் அது. முதல் ஐந்து, வழங்கியவரைக் குறிக்கும். அடுத்த இரண்டும் ஆண்டைக் குறிக்கும். கடைசி ஐந்து வரிசை எண். அது அந்தப் பதிவுக்கே உரியது, பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் விநியோகஸ்தருக்கு அல்ல. விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுங்கள். அவசரத்தில் புது எண் வாங்கி ஏற்றினால் தளத்தின் கண்ணுக்கு அது வேறு பதிவு. சேர்த்துவைத்த கேட்பு எண்ணிக்கை பழையதோடு நின்றுவிடலாம்.

விநியோகக் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த ஒருவருடையதாக இருக்கும். அவர் குழுவை விட்டுப் போகும் நாளில் ஆல்பமும் பணமும் அவர் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும். குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அந்த நால்வரிடம் அன்று படிவத்தை நான் வாங்கவில்லை. பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அறிவித்திருந்த வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது, என் மேல் கொஞ்சம் கோபம்தான். பதினோரு நாள் கழித்துத் தாள் வந்தது. ஒன்பது பாட்டுக்கு நான்கு பெயர்கள், தலா 25. எட்டாவது பாட்டுக்கு மட்டும் ஐந்து பெயர்கள், தலா 20. ஐந்தாவது கையெழுத்து வேறு மையில் இருந்தது.