பாதம் சில்லென்று இருக்கிறதா? பிறந்த குழந்தையும் செவிலியர் பார்க்கும் சூடும்

பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் கேட்பது, "சிஸ்டர், குழந்தை அழுதுச்சா?" உள்ளே அழுகை கேட்டதுமே செவிலியருக்கு அடுத்த கவலை தொடங்கிவிடும்: உடம்புச் சூடு. நனைந்த உடம்போடு வெளியே வரும் குழந்தைக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. கழுத்து, முதுகுப் பகுதியில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் வேண்டும். அதனால்தான் குளிர்ந்துபோன குழந்தைக்கு மூச்சுத் திணறலும் சர்க்கரைக் குறைவும் சேர்ந்தே வருகின்றன.

வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் பிரசவ நேரத்தில் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். அறை 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. துண்டு இரண்டு வேண்டும். ஒன்றால் தலையிலிருந்து துடைத்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஈரத் துண்டிலேயே சுற்றி வைப்பது அவசரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. மூச்சு சீராக இருந்தால் குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, தொப்பி போட்டு, மேலே காய்ந்த துண்டால் மூட வேண்டும். தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்து வெட்டலாம். முதல் ஒரு மணி நேரம் குழந்தை அங்கேயே இருக்கட்டும். எடை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசியும் (குழந்தையின் எடை ஒரு கிலோவுக்கு மேல் என்றால் 1 மி.கி., தொடையின் வெளிப்பக்கத்தில்) காத்திருக்கும். தராசின் உலோகத் தட்டும் சூட்டை உறிஞ்சும். துணி விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையை வைக்க வேண்டும்.

அக்குளில் வெப்பமானி 36.5 முதல் 37.5 வரை காட்டினால் சரி. 36 முதல் 36.4 வரை இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவின் நெஞ்சோடு அணைத்து, பால் கொடுத்து, அரை மணிக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 36-க்குக் கீழே போனால் டாக்டருக்குத் தகவல் சொல்லி வார்மரில் (மேலிருந்து சூடு தரும் படுக்கை) வைக்க வேண்டும்.

வார்மரில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வயிற்றின் வலது மேல்பக்கம் ஒட்டியிருக்கும், தோலின் சூட்டை அளக்கும் சிறு சென்சாரைப் பாருங்கள். அது கழன்று தொங்கினால் அறைக் காற்றை அளக்கும்; 'குழந்தை குளிர்ந்துவிட்டது' என்று கருவி வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகும், குழந்தையின் உடம்பு அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். குழந்தையின் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நேர்மாறு: சூடு போதும் என்று கருவி ஓய்ந்துவிடும். எனவே திரையில் எண் சரியாகத் தெரிந்தாலும் கையால் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்கம். இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து. வெப்பமானி இல்லாத வீட்டில் பாட்டிகூடச் செய்யக்கூடிய சோதனை இது.

பாட்டிகளோடுதான் செவிலியருக்குப் பாதி வழக்கு. "பாட்டிம்மா, குழந்தை தோல்மேல ஒட்டியிருக்கிற அந்த வெள்ளை மாவு அழுக்கு இல்லை, அப்படியே இருக்கட்டும், குளியல் 24 மணி நேரத்துக்கு அப்புறம்" என்று பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்க விடக் கூடாது. முதல் நாள் சீம்பால் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் வந்தாலே குழந்தைக்குப் போதும். சூட்டுக்கு வேண்டிய எரிபொருளும் அதுதான். 'பால் ஊறலை' என்று காத்திருப்பதுதான் குழந்தையைப் பட்டினி போடுகிறது. வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம். அந்த மெல்லிய தோல் நொடியில் வெந்துவிடும்.

எடை குறைந்த குழந்தைகளுக்கு கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் தட்டுப்பாட்டில் பிறந்த முறை இது. டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, மார்புக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டி வைக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரமாவது. எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. அப்பாவும் செய்யலாம், சட்டையைக் கழற்றக் கூச்சப்படுவதுதான் ஒரே தடை.

வீட்டுக்குப் போன பிறகு குழந்தை பால் இழுக்காமல் துவண்டாலோ, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, வயிறும் பாதமும் சில்லென்று ஆனாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரையும், வண்டியிலும், குழந்தை அம்மாவின் நெஞ்சிலேயே இருக்கட்டும். மேலே ஒரு காய்ந்த துணி.